அடிக்காமலும் விட்டுக்கொடுக்காமலும் கண்டிப்பது எப்படி? அக்கா மகனைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: பெரம்பூர் சித்தி

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மகனுக்கு இப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அக்கா இருந்த காலத்திலேயே அந்த வீட்டில் குடியும் அடிதடியும் ஓயாமல் இருந்தன. அதை விரிவாக எழுத மனம் வரவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்தும் பட்டும் வளர்ந்தவன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். காரியங்கள் முடிந்த கையோடு அவனைப் பெரம்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியாரும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள்.

வந்த புதிதில் அவன் இருக்கும் இடமே தெரியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், கேட்டால்தான் பேசுவான், அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவனை மெச்சினார்கள். பள்ளி திறந்து சில வாரங்கள் போனபின் எல்லாம் தலைகீழாகிவிட்டது. சின்ன விஷயத்துக்கும் கையில் கிடைத்ததை வீசுகிறான். டிவியை நிறுத்தச் சொன்னதற்காக எவர்சில்வர் டம்ளரை எறிந்ததில் திரையில் கீறல் விழுந்துவிட்டது. என் மகளைக் கிள்ளுகிறான், தள்ளுகிறான். கேட்டால், நான் கண்ணால் பார்த்ததையே இல்லை என்று சாதிக்கிறான். போன வாரம் அவன் படுக்கையில் எறும்பு சாரைசாரையாகப் போவதைக் கண்டு தலையணை உறையைக் கழற்றினால், உள்ளே பிஸ்கட் பாக்கெட்டும் காய்ந்துபோன பாதிச் சப்பாத்தியும் இருந்தன. இந்த வீட்டில் அவனுக்குச் சோற்றுக்குக் குறை வைத்ததே இல்லை.

பள்ளியிலும் புகார்தான். இன்னொரு பையனைத் தள்ளிவிட்டதற்காக அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். இப்படியே போனால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். என் மாமியார் நல்லவர், அவன் மீது பாசமும் உள்ளவர். ஆனாலும் அடியாத மாடு படியாது என்பதே அவருடைய கட்சி. ஒருநாள் அவர் கோபத்தில் தோசைக்கரண்டியை ஓங்கியபோது, அவன் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. அப்படியே சுவரோரம் குந்தி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு இந்தப் பிள்ளை மீது யாரும் கை வைக்கக் கூடாது என்று நானும் கணவரும் உறுதியாக இருக்கிறோம்.

ஆனால் அடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தபின் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. எடுத்துச் சொன்னால் காதில் ஏறுவதில்லை. இரவு எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் பெரும்பாலும் ரகளை. அப்போது எல்லோரும் களைத்திருக்கிறோம். சும்மா விட்டால், "அவன் அடித்தால் மட்டும் ஏன் நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை?" என்று என் மகள் கேட்கிறாள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். இப்படிப்பட்ட குழந்தைகளோடு வாழ்ந்தவர்களோ பணியாற்றியவர்களோ இருந்தால் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: அயனாவரம் டீச்சர் (ஓய்வு பெற்ற சிறப்பாசிரியை)

அம்மா, நீங்கள் எழுதியதில் பாதி விடை இருக்கிறது. முதலில் அமைதியாக இருந்து, சில வாரங்கள் கழித்து வெடிக்கத் தொடங்கினான் என்கிறீர்கள். இடம் மாறி வந்த குழந்தைகளிடம் இதை அடிக்கடி காணலாம். ஆரம்ப அடக்கம் பல நேரங்களில் நல்ல குணம் என்பதைவிட, புதிய வீட்டில் என்ன ஆபத்து இருக்கிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் எச்சரிக்கையாகவே இருக்கும். "நான் மோசமாக நடந்தாலும் இவர்கள் என்னை வைத்துக்கொள்வார்களா" என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் பிறகுதான் வருகிறது. அவன் வெடிப்பதை உங்கள் வளர்ப்பின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்டிப்பு வேண்டும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தப் பொருளைப் பணயமாக வைத்துக் கண்டிக்கிறோம் என்பதில்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளின் விஷயத்தில் எல்லாமே அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் கோபம் வந்தால் தன்னையறியாமல் வாயில் வரும் வாசகங்களை எண்ணிப் பாருங்கள்: "ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன்", "உன் அப்பனிடமே கொண்டுபோய் விட்டுவிடுவேன்", "இன்றைக்கு உனக்குச் சோறு கிடையாது", "போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்". தாய் தகப்பனோடு பாதுகாப்பாக வளரும் பிள்ளைக்கு இவை வெறும் மிரட்டல். அது நடக்காது என்று அதற்கே தெரியும். உங்கள் அக்கா மகனுக்கு வீடு போனதும், தாய் போனதும், பசியோடு படுத்ததும் நடந்து முடிந்த சங்கதிகள். ஆகையால் சாப்பாடு, படுக்கை, இந்த வீட்டில் அவனுக்குள்ள இடம், உங்கள் முகம் கொடுத்துப் பேசும் பேச்சு ஆகியவை எந்தத் தண்டனையிலும் பணயமாக வரக் கூடாது. மாமியார் உட்பட வீட்டில் எல்லோரும் இந்த ஒன்றில் மட்டும் ஒருமித்து நின்றால்கூடப் பாதிக் கிணறு தாண்டியதாகும்.

அவன் பொருளை வீசுகிற அந்த நேரத்தில் புத்தி சொல்வது, மின்சாரம் போன அடுக்ககத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது போன்றது. எவ்வளவு அழுத்தினாலும் வராது. அப்போது செய்ய வேண்டியது வேறு. முதலில் உங்கள் மகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். அவளுடைய பாதுகாப்புதான் முதல் கடமை. பிறகு அவனுக்கு நேர் எதிரே நின்று கண்ணைப் பார்த்து அதட்டாமல், சற்றே பக்கவாட்டில், முடிந்தால் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். தப்பிக்க வழியில்லை என்று தோன்றினால் அவன் இன்னும் ஆவேசப்படுவான். குரலைத் தாழ்த்தி ஒரே வாக்கியம்: "அடிக்க விடமாட்டேன். நான் இங்கேதான் இருக்கிறேன்." அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்தாய், யார் சொல்லிக்கொடுத்தது, உன் அம்மா இருந்தால் என்ன நினைப்பாள் என்ற கேள்விகளுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. கடைசிக் கேள்வியை எந்த நேரத்திலும் கேட்க வேண்டாம்.

தனியறையில் போட்டுப் பூட்டுவதும், மூலையில் திரும்பி நிற்க வைப்பதும் பலருக்கு நாகரிகமான தண்டனையாகத் தோன்றும். கைவிடப்பட்ட குழந்தைக்கு அது அதே கைவிடலின் மறுபதிப்புதான். அவன் விலகி இருக்க வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் நீங்களோ கணவரோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருங்கள்.

அடங்கியபின் கை கால்களுக்கு வேலை கொடுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லலாம், சப்பாத்தி மாவு பிசையச் சொல்லலாம், மாடிப்படியில் ஏறி இறங்கி வரலாம். என் வகுப்பில் எல்லோரையும் தொந்தரவு செய்த ஒரு பையன், குடிதண்ணீர் வாளியை நடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தூக்கிச் சென்று வைத்தால் அடுத்த பாடம் முழுவதும் அமைதியாக உட்கார்ந்திருப்பான். கனமான வேலை உடம்பை நிதானப்படுத்துகிறது. அதைத் தண்டனையாகக் கொடுத்தால் மட்டும் பலன் போய்விடும்.

கணக்குத் தீர்ப்பது அதற்குப் பிறகுதான். அன்றிரவே தீர்க்க வேண்டும் என்பதில்லை, மறுநாள் காலையாகவும் இருக்கலாம். டம்ளரை எறிந்தான், திரையில் கீறல் விழுந்தது. இனி டிவி ஓடும்போது அவன் கையில் எந்தப் பாத்திரமும் இருக்கக் கூடாது, கொட்டியதை அவனும் நீங்களுமாகச் சேர்ந்து துடைக்க வேண்டும். இதைச் செய்த பிறகு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு மாதத்துக்கு டிவி கிடையாது என்றால், மூன்றாம் நாளே அது எதற்காக என்பதை அவன் மறந்துவிடுவான், உங்கள் மீதான கோபம் மட்டும் மிஞ்சும். தங்கையிடம் மன்னிப்புக் கேள் என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதிலும் பயனில்லை. அவளுக்கு ஏதாவது ஒன்றைச் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். பென்சில் சீவிக் கொடுத்தாலும் போதும். உங்கள் மகளின் கேள்விக்கும் அதுதான் விடை: அவனுக்கும் கணக்கு உண்டு, அதை அடித்துத் தீர்ப்பதில்லை என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவளோடு தனியாக இருக்கவும் தினமும் சற்று நேரம் ஒதுக்குங்கள். அவளும் குழந்தைதான், அண்ணனைப் புரிந்துகொள்ளும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிடக் கூடாது.

தலையணைக்குள் பிஸ்கட் வைத்ததைத் திருட்டாகப் பார்க்காதீர்கள். உணவு எப்போது கிடைக்கும் என்று நிச்சயமில்லாமல் வளர்ந்த குழந்தை பதுக்கத்தான் செய்யும். இப்போது வயிறு நிறைகிறது என்பதால் அந்தப் பயம் உடனே போய்விடாது. இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை அவன் அலமாரியில் வையுங்கள். பொரியோ, கடலை மிட்டாயோ, பிஸ்கட்டோ போட்டு, "இது உன்னுடையது, தீர்ந்தால் நிரப்புவேன்" என்று சொல்லி, ஒவ்வொரு இரவும் கேள்வி கேட்காமல் நிரப்புங்கள். எறும்பும் வராது. முதலில் ஒரே நாளில் காலி செய்வான். பதற வேண்டாம்.

பொய்யைப் பற்றி ஒரே வார்த்தை. விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "நீயா கிள்ளினாய்?" என்று கேட்டால், அடி விழும் வீட்டில் உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட பதில்தான் வரும். "கிள்ளியதைப் பார்த்தேன். அவள் கைக்கு எண்ணெய் தடவ வேண்டும், வா" என்று நேராக அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இரவு எட்டரை, ஒன்பது என்று குறிப்பாகச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது?

மறுமொழி: மயிலாப்பூர் தாத்தா

டீச்சரம்மா அனுபவசாலி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாங்களெல்லாம் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கி, அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தாம்; யாரும் கெட்டுப்போய்விடவில்லை. இப்போதைய பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் மனசு, மனசு என்று தாங்கித் தாங்கி, கடைசியில் பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை பெற்றவர்களை மிரட்டுவதை என் அடுக்ககத்திலேயே பார்க்கிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? பெண்ணே, நீ அவனுக்காகப் பரிதாபப்படுவது சரி. பரிதாபப்பட்டே அவனுக்கு எல்லை இல்லாமல் செய்துவிடாதே.

மறுமொழி: அயனாவரம் டீச்சர்

ஐயா சொன்ன கடைசி வாக்கியத்தை நான் அப்படியே ஏற்கிறேன். பரிதாபத்தால் எல்லையைத் தளர்த்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று இருந்த வீட்டிலிருந்துதான் அவன் வந்திருக்கிறான். ஆனால் நாம் அடி வாங்கிய காலத்தில் நம்மில் பெரும்பாலானோருக்கு அடித்த கையே மறுநேரம் சோறும் போட்டது, மடியில் ஒரு பாட்டியும் இருந்தாள். இவனுக்கு அடி என்றால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாத வேறொரு நினைவு இருக்கிறது. தோசைக்கரண்டியைப் பார்த்துக் குந்திய பிள்ளையிடம் அடி எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்கப் போவதில்லை. பன்னிரண்டு வயதில் மிரட்டும் பிள்ளையை உருவாக்குவது அடிக்காமை அல்ல, சொன்ன சொல்லில் நிற்காமை.

மறுமொழி: பெரம்பூர் சித்தி

டீச்சர், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு மூன்று இரவுகள் கவனித்துப் பார்த்தேன். என் கணவர் அண்ணா சாலையில் வேலை முடிந்து எட்டே முக்கால் அளவில் வருவார். கீழே வண்டியை நிறுத்தும் சத்தம், பிறகு கிரில் கேட்டில் சாவி போடும் சத்தம். அதற்குச் சற்று முன்னாலிருந்தே இவன் அறைக்கும் கூடத்துக்குமாக நடக்கிறான், மகளின் பொம்மையைப் பிடுங்குகிறான், எதையாவது தட்டிவிடுகிறான். கணவர் உள்ளே வரும்போது வீடு போர்க்களமாக இருக்கிறது. அக்கா வீட்டில் அக்காவின் கணவர் திரும்பி வருகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். என் கணவர் இதுவரை அவனை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆனாலும் அந்தச் சாவிச் சத்தத்துக்கு அவன் உடம்பு தயாராகிறது என்று தோன்றுகிறது. இது உண்மையில் சாத்தியமா, அல்லது நான் இல்லாததைக் கற்பனை செய்கிறேனா?

மறுமொழி: அரும்பாக்கத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகர்

முற்றிலும் சாத்தியம். நீங்கள் கவனித்த விதமே சரியான விதம்.

மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. நீண்ட நாள் பயத்தில் வாழ்ந்த குழந்தைக்கு அது மிகக் குறைந்த தூண்டுதலுக்கே விழித்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரந்து, உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உறைந்து நிற்பதற்கோ தயாராகிவிடுகிறது. யோசித்து நிதானிக்கும் வேலை மூளையின் முன்புறப் பகுதியைச் சேர்ந்தது. அது முழு வளர்ச்சி அடைவதற்கு எல்லோருக்குமே இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எட்டு வயதுப் பிள்ளை பயத்தின் பிடியில் இருக்கும்போது அந்தப் பகுதியிடம் வேலை வாங்க முடியாது. பயம் வருவதற்குக் காத்திருப்பதைவிட ரகளையைத் தானே தொடங்கி முடித்துவிடுவது சில குழந்தைகளுக்கு எளிதாக இருக்கிறது; என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைவிட, திட்டு விழும் என்று தெரிந்த நிலை அவர்களுக்கு மேல். கதவுச் சத்தம், மதுவின் வாடை, உரத்த ஆண்குரல், ஒரு குறிப்பிட்ட சட்டை என எதுவும் தூண்டுகோலாகலாம். தீபாவளிப் பட்டாசுக்கும் முன்கூட்டியே தயாராகிக்கொள்ளுங்கள்.

ஆகவே எட்டே முக்காலைக் கண்டிப்பின் நேரமாக வைத்துக்கொள்ளாமல், முன்னேற்பாட்டின் நேரமாக மாற்றுங்கள். உங்கள் கணவர் கிளம்பும்போது போன் செய்து அவனிடமே பேசலாம்: "சித்தப்பா கிளம்பிவிட்டேன், வரும்போது வாழைப்பழம் வாங்கி வருகிறேன்." கீழே வந்ததும் இன்னொரு முறை அழைத்துவிட்டு, சாவி போடாமல் மணியை அழுத்தட்டும், விருப்பம் இருந்தால் அவனே வந்து திறக்கட்டும். அந்த அரைமணி நேரத்துக்கு அவன் கைக்கு ஒரு நிலையான வேலை இருக்கட்டும். சாப்பாட்டையும் சற்று முன்னால் நகர்த்திப் பாருங்கள். பசியும் களைப்பும் சேர்ந்தால் எந்தக் குழந்தைக்கும் பொறுமை இருக்காது. டிவியை அணைக்கும்போதும் அப்படித்தான், திடீரென்று அணைக்காமல் பத்து நிமிடத்துக்கு முன்பும் இரண்டு நிமிடத்துக்கு முன்பும் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் தவறாமல் அணையுங்கள்.

இணையத்தில் தேடினால் குழந்தைப் பருவத் துன்ப அனுபவங்கள் குறித்த அமெரிக்க ஆய்வு ஒன்று உங்கள் கண்ணில் படும். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா ஆகிய மருத்துவர்கள் சான் டியாகோவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி, 1998-இல் முடிவுகளை வெளியிடத் தொடங்கிய ஆய்வு அது. வன்முறை, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம் போன்ற அனுபவங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் உடல்நோய்களும் மனநோய்களும் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று அது காட்டியது. அதை வைத்து உங்கள் அக்கா மகனுக்கு மதிப்பெண் போட்டு, அவன் எதிர்காலம் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெருந்தொகையான மக்களைப் பற்றிய கணக்கு தனி ஒரு குழந்தைக்குச் சோதிடம் ஆகாது. மாறாத அன்போடு பக்கத்தில் நிற்கும் ஒரு பெரியவர் இருந்தால் குழந்தை மீண்டுவரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது என்பதும் நன்கு நிறுவப்பட்ட விஷயந்தான்.

வீட்டு முயற்சியோடு மட்டும் நிறுத்தக் கூடாது. தாயின் மரணம், வன்முறை இரண்டும் சேர்ந்திருப்பதால் ஒருமுறையாவது குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்டுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். மனக்காயத்தை மையமாகக் கொண்ட நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. பொதுவாகப் பன்னிரண்டு அமர்வுகளில் தொடங்கி இருபத்தைந்து வரை போகும். குழந்தைக்கு மட்டுமன்றி வளர்ப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. மருத்துவரிடம் பழைய வரலாற்றை மறைக்காமல் சொல்லுங்கள். எந்நேரமும் உஷாராக இருக்கும் பிள்ளை ஓரிடத்தில் உட்காராது, பாடத்தில் கவனம் வைக்காது. வரலாறு தெரியாதவர் அதைக் கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு என்று மட்டும் பார்த்துவிட வாய்ப்புண்டு. மனக்காயமும் அந்தக் கோளாறும் சேர்ந்தே இருக்கவும் கூடும் என்பதால் அதை மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகிறேன் என்ற பேச்சு, தூக்கம் அடியோடு கெடுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே போங்கள்.

மறுமொழி: வேளச்சேரியிலிருந்து ஒரு தந்தை

எங்கள் மகளைத் தத்தெடுத்தபோது அவளுக்கு ஐந்து வயது. மற்றவர்கள் வீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டதால் நான் பள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அடுத்த 17-ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், உங்கள் பள்ளி எந்த வகை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டப் பிரிவைக் கையில் ஏந்திக்கொண்டு முதல் சந்திப்புக்குப் போகாதீர்கள். அது சட்டைப்பையில் இருக்கட்டும். நாம் முறைத்துக்கொண்டால் தினமும் ஆறேழு மணி நேரம் அந்த வகுப்பில் இருக்கப் போவது பிள்ளைதான்.

வகுப்பாசிரியரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆசிரியர் அறையில் அது பேச்சுப்பொருளாகிவிட்டால் திரும்பப் பெற முடியாது. "தாயை இழந்த பிள்ளை, திடீர்ச் சத்தத்துக்கு மிகவும் பயப்படுவான், சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறோம்" என்பதே போதும். பிறகு கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: பின்னாலிருந்து யாரும் திடீரென்று தொடாதபடி சுவரோர இருக்கை, மூச்சு முட்டினால் கேட்காமலேயே எழுந்துபோய் உட்கார ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெரியவர். எங்கள் மகளுக்கு அந்தப் பெரியவராக இருந்தவர் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட அம்மா, ஆசிரியைகூட அல்ல. வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதற்குப் பதிலாக இவனை அலுவலகத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவரச் சொல்லலாம். வெளியே போவதும் நடக்கும், அவமானமும் இருக்காது. பேசியதை அன்றே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டம் பேச வேண்டி வந்தால் அது உதவும்.

கடைசியாக ஒன்று. அவன் உங்கள் வீட்டில் இருப்பதற்கு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு ஏதும் இல்லையென்றால், சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ குழந்தைகள் நலக் குழுவையோ அணுகி ஆலோசனை கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-இல் கேட்கலாம். நாளைக்குத் தகப்பனார் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்ற கவலை உங்களுக்குள் இருக்கும்வரை அந்தப் பிள்ளையும் அதை உணர்ந்துகொண்டேதான் இருப்பான்.

மறுமொழி: பெரம்பூர் சித்தி

எல்லோருக்கும் நன்றி. எழும்பூருக்குப் போக விடுப்புச் சொல்லிவிட்டேன். டப்பாவும் வாங்கியாயிற்று, மகளும் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டதால் இரண்டாக வாங்கினேன். கணவர் இப்போது மணி அடித்துத்தான் வருகிறார். ரகளை நின்றுவிடவில்லை, ஆனால் நேற்று வீசியது தலையணையைத்தான்.

எனக்கு மிச்சம் இருக்கும் சிக்கல் என் மாமியார். பகல் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவரிடம் மூளை, அமிக்டலா என்றெல்லாம் பேசினால், "நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்" என்பார். அதுவும் உண்மைதான். அவரைச் சங்கடப்படுத்தாமல் எப்படிச் சொல்வது?

மறுமொழி: அயனாவரம் டீச்சர்

அவரிடம் விளக்கம் சொல்லாதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள். அந்த டப்பாவை நிரப்பும் வேலை அவருடையதாகட்டும். பள்ளி விட்டு வந்ததும் அவன் கையால் முதலில் வாங்கிச் சாப்பிடுவது பாட்டி கொடுத்ததாக இருக்கட்டும். கோபம் வந்தால் கரண்டியைத் தூக்காமல் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் வையுங்கள். அதையும் நீங்கள் வைக்காமல் உங்கள் கணவர், அவர் மகன், தனியாக இருக்கும்போது கேட்கட்டும். "அவனை அப்பனிடம் விட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீங்கம்மா, அவன் அதை நம்பிவிடுகிறான்" என்று அவர் சொன்னால் புரியாமல் போகாது. மருத்துவரிடம் போகும்போது முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொல்வதைவிட வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொல்வது எங்கள் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று ஏறும்.

மறுமொழி: மயிலாப்பூர் தாத்தா

அது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு போ, அம்மா. புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். பையனுக்குக் கையில் ஏதாவது தின்னக் கொடுத்து அழைத்துப் போங்கள்.